ராஜபாளையத்தில் குடித்த தண்ணீர்

எனக்கு ஊர்ப் பெருமை கொஞ்சம் அதிகம். (கொஞ்சம் என்பது நானாகச் சொல்லிக்கொள்வது.) ராஜபாளையத்துக்காரர்களைப் போலப் பிரியமாகப் பேசுகிறவர்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில்கூடக் கிடையாது என்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிற இந்த வாயால் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

எண்பத்தேழில் மூத்தவனுக்கு அந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பெண் அமைந்தது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போன பையன். "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்து முடிவு சொல்லிரணும்" என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்கே நானும் வீட்டுக்காரரும் புறப்பட்டோம். வாசல் தாண்டியதும் எதிர்வீட்டு மதினி, "எங்க கிளம்பிட்டீக?" என்றாள். கிளம்பும்போது எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காதே! திரும்பிவந்து உட்கார்ந்து, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். குடித்தேன்.

அடுத்த தடவை தையல்காரர். "பட்டுச் சேலையெல்லாம் பலமா இருக்கு, எங்க போறீக அக்கா?" திரும்பினேன். குடித்தேன்.

மூன்றாவது தடவை, தெலுங்கு பேசுகிற பால்காரம்மா. "எக்கடிக்கி வதினா?"

"தெலுங்குல கேட்டா சகுனத்துல சேராது, நட" என்றார் வீட்டுக்காரர்.

"ஏன், சகுனத்துக்குத் தெலுங்கு தெரியாதாக்கும்?" திரும்பினேன்.

ஐந்து தம்ளர் ஆனபின் அவர் வாசலில் நின்று தெருவையே கும்பிட்டார். "தாயே, செத்த நேரம் யாரும் எதுவும் கேக்காதீக!"

"ஏன், எங்க போறீக?" என்றது தெரு மொத்தமும்.

ஆறு தம்ளர் வயிற்றில் குலுங்க, பஸ் ஒரு பள்ளத்தையும் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருத்தர்கூட எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. "பாத்தீகளா, மூஞ்சி குடுத்துப் பேசாத ஊரு" என்றேன், குறுகிக் குறுகி நடந்தபடியே.

பத்து இருபதுக்குப் பெண் வீடு. பெண் காபி கொண்டுவந்தாள். காபியைக் கண்டதும் என் முகம் எப்படிப் போனதோ, தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, கொல்லையில மல்லிகைச் செடி இருக்கு. வாங்க, காட்டுதேன்."

கொல்லையில் மல்லிகையும் இல்லை, ஒரு செடியும் இல்லை. கக்கூஸ் இருந்தது.

நான் உள்ளே இருக்கும்போதே கூடத்திலிருந்து பெண்ணின் அப்பா குரல் கொடுத்தார். "ராகு காலம் பொறக்கப் போகுது, என்ன சொல்லுதீக?"

"பொண்ணைப் பிடிச்சிருக்கு!" என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினேன். (அப்படிச் சம்மதம் சொன்ன சம்பந்தி ஜில்லாவிலேயே நீ ஒருத்திதான் என்பார் வீட்டுக்காரர்.)

பிரியத்தில் ராஜபாளையம்தான் உசத்தி என்பதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் வெளியே கிளம்பினால் என் மருமகள் எங்கே என்று கேட்க மாட்டாள். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:

"அத்தை, மல்லிகைச் செடி பாத்துட்டீகளா?"