தலையாட்டி அண்ணன் தலை நின்ற நாள்

பிள்ளைகளே, 'மாட்டேன்' என்ற சொல்லை வாயால் சொல்லாமலே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் எங்கள் தலையாட்டி அண்ணன்தான். பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். என் மகள் பள்ளிக்கூடம் போவதும் அவர் ஆட்டோவில்தான். எதைக் கேட்டாலும் பதில் வாயிலிருந்து வராது, கழுத்திலிருந்துதான் வரும்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா, "மாகறல் வருமாப்பா?" என்று கேட்டார். தலை ஆடியது. ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே ஒரு பெரியவர், "திருப்புட்குழி?" என்றார். அதற்கும் ஆடியது. இரண்டும் வேறு வேறு திசை. அந்த அம்மா திருப்புட்குழிப் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் மாகறல் போய்ச் சேர்ந்தார்.

பிடிக்காததைக் கேட்டால் மட்டும் அந்தத் தலை கல்லாகிவிடும். 'இல்லை' என்பதை அவர் சொல்லும் விதம் அதுதான். "அண்ணி வெக்கிற கொழம்ப வாயில வெக்க முடியாதாமே, நெஜமா?" என்று டீக்கடைக்காரர் ஒருமுறை கேட்டார். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை தலை அசையவில்லை.

அப்படிப்பட்டவருக்குக் கழுத்திலேயே வந்தது கோளாறு. முதலில் விரல்கள் மரத்தன. அப்புறம் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒருநாள் கிளட்ச் பிடிக்கிற கை நழுவியது. அன்றைக்கே பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தில் எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை அழுத்துவது தெரிந்தது. உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது தெரியவில்லை. "இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. இருக்குது, அதையும் பார்த்துடலாம்" என்று டாக்டர் சென்னைப் பக்கம் அனுப்பினார். நான் துணைக்குப் போனேன்.

அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும் நம்ம ஊர்தான். எங்களுக்குப் புரிகிற மாதிரியே விளக்கினார். "தண்டுவடம்னா தறியில போடற பாவு மாதிரிண்ணா. நரம்பு இழையெல்லாம் நீளமா ஓடிக்கினு இருக்குது. சாதாப் படத்துல பாவு நசுங்கினது தெரியும். இதுல உடம்புல இருக்கிற தண்ணி அந்த இழையோட எப்படி நகருதுன்னு பார்ப்போம். இழை நல்லா இருந்தா தண்ணி அது கூடவே போவும். கெட்டிருந்தா நாலா பக்கமும் செதறும். ஆனா ஒண்ணு, துளி கூட அசையக் கூடாது."

அண்ணன் தலையாட்டினார்.

உள்ளே தள்ளினார்கள். "ஐயா, சௌகரியமா இருக்கீங்களா?" என்று தம்பி மைக்கில் கேட்டார். தலை ஆடியது. படம் கலைந்தது.

"ஆட்டாதீங்கய்யா, புரியுதா?"

ஆடியது.

"நான் கேட்டா பதிலே சொல்லாதீங்க, சரியா?"

அதற்கும் ஆடியது.

தம்பி என் பக்கம் திரும்பினார். "இன்னாண்ணா, பூம்பூம் மாட்டையா கூட்டிக்கினு வந்தீங்க? இந்த வாட்டியும் கெட்டுதுன்னா இன்னொரு நாள்தான் வரணும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. ஆனாலும் மைக்கைக் கேட்டு வாங்கினேன்.

"அண்ணே, நான்தான் பேசறேன். ஆட்டோவ வித்துடலாமா?"

தலை நின்றது.

மெஷின் பத்துத் தறி ஒன்றாக ஓடுவதுபோலத் தடதடத்தது. தலை நின்றது நின்றதுதான். சத்தம் ஓய்ந்ததும் தம்பி மெதுவாக, "அடுத்த படத்துக்குப் போறேன். இன்னொரு தபா கேளுங்கண்ணா" என்றார். கேட்டேன். அன்றைக்கு அந்த ஆட்டோவை நான் நாலு தபா விற்றேன்.

படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. வெளியே வந்த அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

டாக்டர் படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இழைங்க பெருசா கெடல. இப்பவே ஆபரேஷன் பண்ணி அழுத்தத்த எடுத்துட்டா, கை தேறிவர நல்ல வாய்ப்பு இருக்குது. பண்ணிடலாமா?"

அண்ணன் ஆட்டிய ஆட்டத்தில் டாக்டரே எழுந்துவிட்டார். "மெதுவா, மெதுவா. அந்தக் கழுத்துதான் எனக்கு வேணும்."

சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் ஹாரன் சத்தம். சட்டைப் பொத்தான் அத்தனையும் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஒன்று மட்டும் மாறி. என் மகள் பையோடு ஓடிப்போய் ஏறினாள்.

நான் கிட்டே போய் நின்றேன். "அண்ணே, அன்னிக்கி ஆட்டோவ விக்கச் சொன்னேனே. எம்மேல கோவம் இருக்குதா?"

கிளட்சை இறுக்கிப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தலை ஆடவே இல்லை.