ஒன்பது எழுத்தும் ஒரு பெட்டி ஆணியும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலை என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மற்றதெல்லாம் மோசம். உங்கள் தங்கை என்னோடு பேசி இன்றோடு எட்டு நாள். கடையிலிருந்து போனில் சொன்னால் ஊரே கேட்கும், வீட்டிலிருந்து சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

செய்தித்தாளில் தினமும் ஒன்பது எழுத்தைக் கட்டம் கட்டிப் போட்டு, இவற்றில் எத்தனை சொல் தேறும் என்று கேட்கிறார்களே, அதை நாங்கள் ஒரு வருஷமாக விளையாடுகிறோம். காலையில் ஆளுக்கொரு தாளில் எழுத்துகளைக் குறித்துக்கொள்வோம். சாயங்காலம் நான் கடை சாத்தி வந்ததும் தேநீரோடு உட்கார்ந்து ஒப்பிடுவோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் வீட்டுச் சாமான், பிள்ளைகள் படிப்பு தவிர வேறொன்றைப் பற்றி நாங்கள் சிரித்துப் பேசியது அந்த அரை மணி நேரம்தான். அதுதான் போயிற்று.

தப்பு என் மேல்தான். தினமும் தோற்பவன் நான். க, ட, ம, ர, ப, ல, லை, ல், ம் என்று கொடுத்தால் மரம், படம், மலை என்று மூன்றோடு முக்குவேன். அவள் கமலம், கபடம் என்று இருபதை அடுக்கிவிட்டு, "ஆறாங்கிளாஸோட நின்னா இப்படித்தான்" என்பாள். வெறுங்கையோடு வந்து ஹார்ட்வேர் கடை போட்டவன் நான். நம்மிடம் இல்லாத சரக்கை வெளியில் எடுத்துக் கொடுப்பதுதானே வியாபாரம் என்று, அந்த ஒன்பது எழுத்தையும் கடை வாசல் பலகையில் எழுதி, 'ஒரு சொல்லுக்கு ஒரு பிடி ஆணி இலவசம்' என்று போட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு வரிசை நிற்கிறது. படித்தவர் என்று தன் மாமனாரையே கூட்டி வந்தார் தச்சர். "நாலெழுத்துச் சொல்லுக்கும் அதே ஆணிதானா? ஸ்க்ரூ குடுங்க முதலாளி" என்று பிளம்பர் பேரம் பேசுகிறார். பெயிண்ட் வாங்க வந்தவர்கள் பெயிண்டை மறந்துவிட்டு ஆணியோடு போய்விட்டார்கள். ஒரு பெட்டி காலி.

முப்பத்தொரு சொல்லோடு வீட்டுக்குப் போனேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். முகம் அப்படி மலர்ந்தது மச்சான். "பரவாயில்லையே! சரி, படலம்னா என்னங்க?"

"வாங்கின சரக்குக்கெல்லாம் அர்த்தம் கேட்டா எப்படி?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"வாங்கினதா?"

ஆணிக் கதையைச் சொன்னேன்.

"நான் உங்ககூட விளையாடுறேன்னுல்ல நெனச்சேன்" என்று தாளை மடித்து வைத்தவள்தான். தேநீர் வருகிறது, பேச்சு வரவில்லை. எனக்குப் பேரம் பேசத் தெரியும், மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எனக்காக நாலு வார்த்தை பேசினால்தான் உண்டு.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

வழி தெரியாமல் நிற்கும்,
உங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அவள் கைபேசி அடித்தது. அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். வாய் திறப்பதற்குள் நீங்கள், "என்னம்மா, எட்டு நாளா கூப்பிடவே இல்ல? இன்னைக்கு இருபத்திரண்டு சொல் வச்சிருக்கேன், எழுதிக்கோ. மாப்பிள்ளை மூணோட நிக்கட்டும்" என்றீர்கள். நான்தான் என்று காட்டிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டையும் எழுதிக்கொண்டேன். அவள் இறங்கி வந்ததும் தாளை மேசையில் வைத்து, "உங்கண்ணன் சொல்லச் சொன்னார்" என்றேன். அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை நாலாகக் கிழித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எனக்கு மட்டும் எல்லாம் தானா வருதுன்னா நெனச்சீங்க? உட்காருங்க." நீங்கள் வர வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். நாங்களே தேடினோம். ஒரு மணி நேரத்தில் நாலு சொல் கிடைத்தது, இருவருக்கும் சேர்த்து.