காதுத்துரை

முகத்தைப் பாராமல் காதைப் பார்த்தே மனிதரை அறிந்துகொண்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் எங்கள் காதுத்துரைதான். மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த இங்கிலாந்துக்காரர். வாய் "பொஞ்சூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லும். கண் நம் காதில் இருக்கும். அழுக்குத்தான் தெரிகிறதாக்கும் என்று நான் முதல் மாதம் முழுக்கக் காதைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. துரை லண்டனில் ஓவிய வரலாறு ஆராய்ந்தவர். பழைய ஓவியம் அசலா, போலியா என்று சொல்வது அவர் வேலை. முகத்தை ஓவியன் கவனமாக வரைவானாம், காதைத் தன் கைப்பழக்கத்தில் வரைந்துவிடுவானாம். அதனால் போலிக்காரன் காதில்தான் அகப்படுவான். ஒரு பெரிய மனிதர் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ஓவியத்தை, திறப்பு விழாவில் அவர் முன்னாலேயே "காது பிழை" என்றிருக்கிறார் துரை. வேலை போனது. மொன்றியலுக்கு வந்து கல்லூரியில் படிப்பித்து ஓய்வும் பெற்றார். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்க நின்ற இரண்டு பேரிடம், நீங்கள் சகோதரர்கள்தானே என்று கேட்டுவிட்டார். காணிச் சண்டையில் வருடக்கணக்காகப் பேசாத அண்ணன் தம்பி அவர்கள். இருவரும் பாலை வைத்துவிட்டு வெளியேறினார்கள்.

"உங்கட துரையை வீட்டில கட்டி வையுங்கோ அண்ணை" என்றார் கடைக்காரர்.

இப்படிப்பட்டவரைத்தான் பக்கத்து வீட்டு ரஞ்சியக்கா தன் மகள் அபியின் பிறந்தநாளுக்கு அழைத்தார். எனக்குப் பயமாகிவிட்டது. காரணம், அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய பெரிய படம். பனிக்குள் ரஞ்சியக்கா, கையில் குழந்தை அபி, பக்கத்தில் கோட் போட்ட அபியின் அப்பா. அப்பா கனடாவுக்கு வந்ததே இல்லை. விசாவுக்குக் காத்திருந்தபோதே ஊரில் இறந்துபோனார். ஊர்ப் படத்திலிருந்த தலையை யாரோ ஒருவரின் கோட்டுக்கு மேல் ஒட்டிக் கொடுத்தவர் ஸ்டூடியோக்காரர். நம்மவர் வீடுகளில் இது வழக்கம்தான், பெரியவர்கள் தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பார்கள். ஆனால் அப்பா ஒரு மாரியில் பனிக்குள் வந்து தன்னைத் தூக்கிவிட்டுப் போனார் என்றே அபி நம்பி வளர்ந்தாள். அண்மையில் வகுப்புத் தோழி ஒருத்தி, அது ஒட்டுப்படம் என்று சொல்லியிருந்தாள்.

கேக் வெட்டியதும் அபி துரையைப் படத்தடிக்கு இழுத்துப் போனாள். இவர் உண்மையா என்று பிரெஞ்சில் கேட்டாள். ரஞ்சியக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படத்தடிக்கு வந்தார். துரையின் வாயைப் பொத்தலாமா என்று நான் யோசித்தேன்.

துரை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அப்பாவின் காதைப் பார்த்தார். அபியின் தலைமயிரை ஒதுக்கி அவள் காதைப் பார்த்தார். மறுபடி படம். பிறகு, நாங்கள் பழக்கிய ஒரே தமிழ்ச் சொல்லில் தீர்ப்புச் சொன்னார்.

"ஓம்."

ஆமாம், இரண்டும் ஒரே காது என்று விரலால் தொட்டுக் காட்டினார். அபி காதைத் தடவியபடி கண்ணாடி பார்க்க ஓடினாள். ரஞ்சியக்கா குசினிக்குள் போய் அழுதுவிட்டு, துரைக்கு இன்னொரு துண்டு கேக் கொண்டு வந்தார்.

வீடு திரும்பும்போது, அந்தக் கோட் வேறொருவருடையது என்பதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டேன். உள்ளே நுழைந்ததுமே தெரிந்தது என்றார். பிள்ளை கேட்டது கோட்டைப் பற்றியல்ல என்றும் சொன்னார். அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு அப்படிப் பிடித்துப்போனது.

துரை இப்போது இங்கிலாந்தில் தங்கையோடு இருக்கிறார். மேல்மாடியில் வேறு யாரோ. படியில் காலடி கேட்டால் நான் இன்னமும் காதைத் துடைத்துக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.