மஞ்சள் துணியில் போன அப்பீல்

அடுத்தவர் தொழிலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களை நம்பவே கூடாது. நானே அப்படி ஒருத்தியாக இருந்ததால் தைரியமாகச் சொல்கிறேன்.

2008 வாக்கில் கடலூரில் ஒரு காப்பீட்டு ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். வக்கீல்களுக்கான பாலிசியை விற்க வேண்டும். வக்கீல் ஏதாவது ஒரு தேதியைக் கோட்டைவிட்டு, கட்சிக்காரர் நஷ்டப்பட்டு, வக்கீல் மேலேயே வழக்குப் போட்டால், அந்த இழப்பைக் கம்பெனி ஏற்கும். பாலிசியை விற்றால் மட்டும் போதாதாம். தப்பே நடக்காமல் ஆபீஸ் நடத்துவது எப்படி என்று வக்கீல்களுக்கு வகுப்பும் எடுக்க வேண்டுமாம். அதற்காக எனக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். (இரண்டு நாளே ஜாஸ்தி என்று அப்போது நினைத்தேன்.)

கடலூர் வக்கீல்கள் காபி வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். ஏஜெண்டுகளின் கடைசிப் புகலிடம் சொந்தக்காரர்கள்தானே? சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஞானசேகரன் மாமா வக்கீல். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் இறங்கினேன்.

மாமாவின் ஆபீஸில் எல்லா வாய்தாவும் குமாஸ்தா கலியபெருமாளின் தலைக்குள் இருந்தது. "அவருக்குக் காய்ச்சல் வந்தா என்ன மாமா பண்ணுவீங்க?" என்றேன்.

"வாய்தா இருக்கிற நாள்ல அவனுக்குக் காய்ச்சல் வராதும்மா" என்றார் மாமா.

நான் விடவில்லை. ஒரு முழு நாள் உட்கார்ந்து எல்லா வாய்தாவையும் எழுதி இரண்டு டைரி போட்டேன். கெடு நெருங்கிய கட்டு தனியாகக் கண்ணில் பட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அக்காவிடம் ஒரு மஞ்சள் துணி கேட்டு வாங்கி, மறுநாளே தாக்கல் செய்ய வேண்டிய அப்பீல் கட்டை அதில் மடித்துக் கட்டி மேசை ஓரத்தில் வைத்தேன். "இனி இது தவறவே தவறாது" என்றேன். கலியபெருமாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அது செல்வி என்கிற பெண்ணுடைய அப்பீல். அவள் புருஷன் கீழ்க்கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிவிட்டான். அப்பீல் கெடு தாண்டிவிட்டால் அவன் தாராளமாக வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். அந்த மகராசன் கெடு முடிந்த மறுநாளே முகூர்த்தம் குறித்து, மண்டபமும் பிடித்து வைத்திருந்தான். தீர்ப்பு நகல் தாமதமாகக் கையில் கிடைத்ததால், மாமாவுக்கு இருந்தது அந்த ஒரே நாள்தான்.

மறுநாள் காலையில் அக்கா சொன்னாள்: "தரகர் வருவாரு. சேத்தியாத்தோப்புல ஒரு நல்ல எடம். ஒன் ஜாதகத்த மேச மேல வச்சிருக்கேன், எடுத்துக் குடுத்துடு."

எங்கள் பக்கம் ஜாதகத்தை எதில் சுற்றி வைப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஆனால் தரகர் வாசலில் வந்து நின்று, "பொண்ணு நீதானாம்மா?" என்று கேட்டதும் வெட்கம் வந்து தொலைத்தது. தலையைக் குனிந்தபடியே கைக்கு எட்டிய மஞ்சள் கட்டை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டு உள்ளே ஓடினேன். மீதியிருந்த மஞ்சள் கட்டோடு மாமா கடலூர் ஜில்லா கோர்ட்டுக்குக் கிளம்பிப் போனார்.

பதினோரு மணிக்கு மாமாவிடமிருந்து போன்.

"தாக்கல் பண்ற எடத்துல கட்டப் பிரிச்சேன். உள்ள ஒன் போட்டோ இருக்கு. கோர்ட் குமாஸ்தா பாத்துட்டு, பொண்ணு லட்சணமா இருக்கு, ஆனா கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டலியேங்கறாரு."

மாமா கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரலைத் தாழ்த்தி, "செல்வி இங்கதான் வராண்டால ஒக்காந்திருக்கா. நான் என்னன்னு சொல்றது?" என்றார். ஒருத்தி வாழ்க்கை என் வெட்கத்தால் போகப் போகிறதே என்று உண்மையிலேயே அழுதேன். அக்கா சேத்தியாத்தோப்பு விலாசத்தை எழுதிக் கையில் திணித்து, "அழுதது போதும், ஓடு" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதுதான் உலக வழக்கம். நான் ரப்பர் செருப்போடு, வியர்த்து வழிந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா. "நான் சிதம்பரம் வக்கீலோட மச்சினிச்சி..." என்று ஆரம்பித்ததும் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் மாப்பிள்ளை சரவணன் தீர்ப்பு நகலின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"முழுசாப் படிச்சோம்மா" என்றார் அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. "என்னா கொடுமை பண்ணியிருக்கான் அந்தப் பாவி. அவுங்கவுங்க மொதக் கல்யாணத்தையே மறைச்சுக் கட்டி வைக்கிறாங்க. நீங்க தீர்ப்பையே மஞ்சத்துணில கட்டி அனுப்பியிருக்கீங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்லம்மா."

"அம்மா, அது நான் இல்ல" என்றேன்.

"எல்லாம் முடிஞ்சு போனதுதானே, மனசுல வச்சுக்காத."

"அய்யோ, எனக்கு இன்னும் மொதக் கல்யாணமே ஆவலம்மா!"

நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்டு முடித்த அம்மா, "அப்ப நாளைக்கு அவனுக்குக் கல்யாணமா?" என்றார். எழுந்தார். புடவைத் தலைப்பைச் செருகினார். "சரவணா, வண்டியக் கூப்புடு."

தெருமுனை வாடகை அம்பாசிடரில் முன்னால் சரவணன், பின்னால் நானும் அம்மாவும். வடலூரைத் தாண்டும்போது அம்மா சபை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார். சரவணன் ஒரே ஒரு தடவை திரும்பி, "வக்கீலுங்களுக்குத் தப்பு நடக்காம இருக்கச் சொல்லிக் குடுக்குறீங்களாமே?" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கோர்ட்டை அடைந்தபோது நாலு மணி ஆகப்போகிற நேரம். மாமா கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை வீட்டில் முறைப்படி சாமி படத்தின் முன் வைத்து, மனுவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். கோர்ட் குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விவாகரத்து அப்பீலுக்கு இவ்வளவு மங்களகரமா வந்தது இதுதாங்க மொதத் தடவ" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் அப்பாடா என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். செல்வி ஒன்றும் தெரியாமல் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அன்று மாலையே அப்பீல் விஷயம் மண்டபத்துக்குப் போனது. புதுப் பெண் வீட்டார் நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

மாமா அடுத்த வாரமே பாலிசி எடுத்தார். "பிழைகளைத் தடுக்க என்ன ஏற்பாடு செய்துள்ளீர்கள்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. "மச்சினிச்சியை ஆபீஸுக்குள் விடுவதில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வேறு படிவம் கொடுத்து எழுதி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சேத்தியாத்தோப்பிலிருந்து ஜாதகம் கேட்டு மறுபடி ஆள் வந்தது. இந்தத் தடவை கட்டை அக்காவே பிரித்துப் பார்த்துக் கொடுத்தாள்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் என் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "எங்க மருமவ இந்த வீட்டுக்கு மொதமொதல்ல வந்ததே டைவர்ஸ் பேப்பர் வாங்கத்தான். கோர்ட்டுல அதக் குடுத்துட்டுத்தான் கல்யாணம் பண்ணி வச்சோம்." வந்தவர்கள் திகைத்துப்போய் என்னைப் பார்ப்பார்கள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லையே, நான் என்னத்தை மறுப்பது? காபி ஆறுகிறது, குடியுங்கள் என்பேன்.