ஹாப்ஸ் பொட்டலமும் என் வாக்குமூலமும்

பிள்ளைகளின் பையைத் துழாவாத தாய் எங்காவது இருந்தால் அவரை வணங்குகிறேன். நான் துழாவுகிற கட்சி. (துவைக்கத் துணி எடுக்கிறேன் என்பது வெளியே சொல்கிற காரணம்.)

போன தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள் குளிக்கப் போயிருந்தாள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஏதோ குளிர்பானக் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். நானும் ஆரஞ்சு ஜூஸ் என்று கம்பம் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அவள் பைக்குள் வெள்ளிநிறப் பொட்டலம் ஒன்று. திறந்தால் காய்ந்த பச்சைப் பூக்கள், பிசுபிசுப்பு, மூக்கைத் துளைக்கும் வாடை. செய்தித்தாளில் எங்கள் ஊர்ப் பெயர் எதோடு சேர்ந்து வரும் என்று உங்களுக்கே தெரியும். கஞ்சா!

அவளையே கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பொட்டலத்தைக் காய்கறிப் பையில் கறிவேப்பிலைக்கு அடியில் ஒளித்து, முல்லையாற்றில் போட்டுவிட ஸ்கூட்டரில் கிளம்பினேன்.

பாலத்துக்கு முன்னால் வாகனச் சோதனை. சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸ்தான் கேட்டார். நான் வண்டியைக் கீழே போட்டேன்.

“சார், அது என்னுது! எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது!”

“எதும்மா?”

(அதுவரை அவர் என் பையைப் பார்க்கவே இல்லை.)

ஸ்டேஷனில், “எத்தனை வருசமாப் பழக்கம்?” என்றார்.

“சின்ன வயசுலேர்ந்து சார்.”

நான் காப்பிகூடக் குடிக்காதவள்.

அவர் போன் செய்ய, மகள் ஈரத்தலையோடு ஓடிவந்தாள். “சார், இது ஹாப்ஸ். பீர்ல கசப்புக்கும் வாசத்துக்கும் போடுற பூ. பீர் காய்ச்சுறதுதான் என் வேலை.”

மகள் பீர் காய்ச்சுகிறாள் என்று கேட்டு ஆனந்தக் கண்ணீர் விட்ட முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

“இந்தியா பேல் ஏல்னு ஒரு வகைக்கு இதை நெறையப் போடுவோம் சார். ஐ.பி.ஏ.ன்னு சொல்வாக.”

“இந்தியாவா? அப்ப நம்ம ஊருச் சரக்கா?”

“இல்ல சார். வெள்ளைக்காரங்க கப்பல்ல இங்க அனுப்புனது. கெட்டுப்போகாம இருக்க ஹாப்ஸைக் கூட்டிப் போட்டாகளாம். இப்ப அதுல பல தினுசு. வெஸ்ட் கோஸ்ட்னா தெளிவா இருக்கும், நல்லாக் கசக்கும். ஹேஸி கலங்கலா இருக்கும், மாம்பழ வாசம், கசப்பு கம்மி. செஷன் லேசா இருக்கும். டபுள்னா ஆளையே தூக்கிரும்.”

“கசப்புக்குப் பாகற்காய் போட்டாப் பத்தாதா?” என்று ஏட்டையா அக்கறையாகக் கேட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பூவை நசுக்கி முகர்ந்தார். “அந்த வாசம் எங்களுக்குத் தெரியாதாம்மா? இது அது இல்ல. செய்யாத குத்தத்தை இம்புட்டுத் தெளிவா ஒத்துக்கிட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன். கெளம்புங்க.”

வீட்டு வாசலில் மகள் சொன்னாள்: “இந்தத் தடவை உங்கிட்ட இதைக் காட்டி, வேலையைப் பத்திச் சொல்லிறணும்னுதான்மா கொண்டாந்தேன். அதுக்குள்ள நீ ஜெயிலுக்குக் கெளம்பிட்ட.”

காக்கிச் சட்டை என்றால் எனக்கு இன்னும் படபடப்புதான். தபால்காரர் வந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். மகள் தினமும் போனில் அவள் அப்பாவிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “அம்மா இன்னைக்கு ஹேஸியா, வெஸ்ட் கோஸ்ட்டா?”

நேற்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இங்கன தெருவுல போலீஸ் வண்டி போச்சுத்தா. டபுள்.”