ஏட்டையாவின் லத்தி எனக்குத் தெரியவில்லை

முடிச்சூர்,
புதன்கிழமை.

பாசமுள்ள கங்கையம்மா அக்காவின் சமூகத்துக்குத் தம்பி தயாளன் வணங்கி எழுதுவது. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி தவறாமல் வந்து, தாங்களும் மாமாவும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே சுபத்ராவும் தமிழினியும் நலம். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் சுபத்ரா சமையலறையிலிருந்தே பதில் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தமிழினி படித்துவிடுகிறாள். பார், 'தாங்கள்' என்று ஆரம்பித்தது அதற்குள் 'நீ' ஆகிவிட்டது. பயத்தில் இருக்கிறவனுக்கு மரியாதை நிற்காது, மன்னித்துக்கொள்.

உன் மருமகள் தமிழினி வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் ஆள் செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். களிமண் கிடையாது, காகிதம் கிடையாது, மூக்கு மீசை சட்டைப் பொத்தான் எல்லாம் மவுசாலேயே. இப்போது ஒரு போலீஸ் ஏட்டையாவைச் செய்திருக்கிறாள். தொப்பை, முறுக்கு மீசை, நம் முகத்துக்கு நேராக நீட்டிய லத்தி. அதோடு விட்டாளா? நம் இரண்டு கண்ணும் ஒரே இடத்திலா இருக்கிறது, இடது கண் பார்ப்பது வேறு, வலது கண் பார்ப்பது வேறு என்று சொல்லி, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கேமராவை இடது கண் இருக்கிற இடத்தில் வைத்து ஒரு படம், கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் அச்சடித்து ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். லென்ஸ் வைத்த அட்டைப்பெட்டிக்குள் அதைச் செருகிப் பார்த்தால் மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுமாம், ஏட்டையா எழுந்து வந்து எதிரே நிற்பாராம், லத்தி மூக்குவரை வருமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தாள். மாடியில் குடியிருக்கும் ஃபிரெடி, கால் டாக்ஸி ஓட்டுகிறவன், அவன்தான் முதலில் பார்த்தான். பெட்டியைக் கண்ணில் வைத்ததும் தலையைப் படக்கென்று பின்னால் இழுத்தான்.

"அய்யய்யோ! லத்தி கன்னத்துல வந்து இடிக்குது பாப்பா! சோக்கா கீது!"

அடுத்து சுபத்ரா. "ஆமாம்மா, என்னமா முன்னாடி வருது!" என்றாள்.

அடுத்து நான். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே வரவில்லை. சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி ஏட்டையா சப்பையாக நிற்கிறார். லத்தி அவர் தொப்பையோடு ஒட்டிக் கிடக்கிறது.

"தெரியுதாப்பா?"

"தெரியுதும்மா."

"எது முன்னாடி வருது?"

"மீசை."

"மீசையா?"

"மீசையும்தான்."

சாயங்காலம், யாருக்கோ கேட்கிற மாதிரி, இது யாருக்காவது தெரியாமல் போகுமா என்று கேட்டேன். அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "ஒரு கண்ணு வீக்கா இருந்தா தெரியாதுப்பா. சிலருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கும், மூளைதான் சேர்க்காது" என்றாள். சொல்லிவிட்டு ஒரு சுளையை வேறு நீட்டினாள். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன், இரண்டும் தெரிகிறது, அப்படியானால் மூளையா? கண் என்றால் ஆஸ்பத்திரி இருக்கிறது, மூளை சேர்க்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்ட ஸ்கூட்டரை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன், வருகிற பஸ் பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று கணிக்கத் தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிட்டேன், டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றான். சொல்லாமல்தான் வந்திருந்தேன் அக்கா, அதுதானே என் கவலையே. இது போதாதென்று சுபத்ரா மூன்று நாளாகச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். என் நிலைமை அவளுக்குத் தெரிந்துவிட்டது, நாளைக்கு எனக்கு வழிகாட்ட இப்போதே பழகிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனிக்கு அந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறாள் தமிழினி. "எங்கப்பாவே பார்த்து அசந்துட்டாரு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண் போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இனி அவள் ஆயுசு முழுக்க என்னென்னவோ செய்து என் கண்முன்னால் நீட்டுவாள், நானும் எதுவும் தெரியாமலே தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே, அதைத்தான் தாங்க முடியாது. அதனால் நீ சும்மா பார்க்க வருகிற மாதிரி வந்து, கோயிலுக்கு என்று சொல்லி, என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு ஏதாவது ஆனால் தமிழினி கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை நீதான் பார்க்க வேண்டும். நான் பார்த்தால் சரியாகத் தெரியாது.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் நாலு கண்ணையும் நம் எல்லையம்மன் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
கண் கலங்கியிருக்கும் உன் தம்பி,
தயாளன்.

பி.கு.: அக்கா, கிளம்பி வராதே. உறையை ஒட்டப் போகும்போது மனசு கேட்கவில்லை. தமிழினியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் பதறிப்போய் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அப்பா! ரெண்டு பக்கமும் இடது கண் படத்தையே ஒட்டியிருக்கேன்!" என்று கத்தினாள். அந்த அட்டையில் யாருக்குமே எதுவும் முன்னால் வந்திருக்காதாம். சமையலறையிலிருந்து ஓடிவந்த சுபத்ரா, "எனக்கும் ஒண்ணும் வரலைங்க, கண்ணு போச்சுன்னு பயந்து மூணு நாளா செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறேன்" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். படத்தை மாற்றி ஒட்டிக் கொடுத்ததும் வாங்கிப் பார்த்தேன். லத்தி வந்தது பார் அக்கா, அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்து பீரோவில் மண்டையை இடித்துக்கொண்டேன். அந்த வலி எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

அந்தச் சந்தோஷத்தில் ஃபிரெடியையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லிச் சிரித்து, பெட்டியைக் கையில் கொடுத்தோம். "நம்ம பாப்பா செஞ்சது, வர்லன்னு எப்டி சார் சொல்றது?" என்று அவனும் சிரித்துக்கொண்டேதான் கண்ணில் வைத்தான். வெகு நேரம் வைத்திருந்தான். தலையைப் பின்னால் இழுக்கவில்லை. பெட்டியை மெதுவாக இறக்கிவிட்டு, தமிழினி உள்ளே போகும்வரை காத்திருந்து, "சார், இப்பவும் சப்பையாத்தான் கீது. அந்தக் கண்ணு ஆஸ்பத்திரி எங்க கீது?" என்று கேட்டான். நாளை காலை நான் அவனோடு போகிறேன். அவன் காரிலேயே போய்விடலாம் என்றான். வேண்டாம் தம்பி, பஸ்ஸிலேயே போகலாம் என்று சொல்லிவிட்டேன்.