இரண்டாவது ‘இறுதியாக’

கல்லூரியில் படித்த பாடமெல்லாம் பரீட்சையோடு போய்விடும். அங்கே பழகிய கெட்ட பழக்கம் மட்டும் விசா இல்லாமலே வளைகுடா வரைக்கும் கூட வரும்.

எங்கள் கல்லூரி வெள்ளைக்காரப் பாதிரிமார் ஆயிரத்து எண்ணூறுகளில் கட்டியது. அதன் விவாத மன்றத்துக்கும் அதே வயது. அங்கே நேரம் முடிந்தால் மணி அடிக்க மாட்டார்கள். பேசுகிறவர் ‘இறுதியாக’ என்று ஒருமுறை சொன்னால் பொறுத்துக்கொள்வோம். இரண்டாம் முறை சொன்னால் பலகைத் தரையில் குதிகாலால் தட்ட ஆரம்பிப்போம். அவர் யாராக இருந்தாலும் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். (முதலில் தட்டியவன் மேடையேறி நன்றியுரை சொல்ல வேண்டும் என்பதும் விதி. நான் நிறைய நன்றியுரை சொல்லியிருக்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் அபுதாபி பக்கம் முசஃபாவில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். (வெல்டரைவிடக் கொஞ்சம் அதிகச் சம்பளம், நிறைய அதிகத் திட்டு.) புது மனைவி மல்லிகா மதுரையில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். என் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. ஃபோனில் அவள் “எப்பங்க?” என்பாள். நான் “பாப்போம்” என்பேன். வேலையைவிட அந்த ஒரு வார்த்தைதான் என்னை அதிகம் களைப்பாக்கியது.

துபாய் கராமாவில் துணிக்கடை வைத்திருந்த நாசர், காயல்பட்டினத்துக்காரன், என் வகுப்புத் தோழன். ஒருநாள் கூப்பிட்டான்.

“ஏல, வெள்ளிக்கிழமை பழைய மாணவர் கூட்டம். ராமநாதன் சார் வாராரு. நம்ம காலேஜ் சீனியர், இங்க பெரிய கம்பெனில மேனேஜர். ஃபேமிலி விசாவோட வேலைக்கு ஆள் தேடுறாரு. ஒன்னப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன்.”

“நான் என்ன பேசணும்?”

“ஒண்ணும் பேச வேண்டாம். அவரு முடிக்கிற வரைக்கும் முழிச்சிரு. அது போதும்.”

அதுதான் முடியவில்லை. வியாழன் நைட் டூட்டி. விடிந்ததும் குளித்து, ஷேர் டாக்ஸியில் நசுங்கி துபாய் வந்து சேர்ந்தேன். கராமா ஹோட்டல் ஒன்றின் மாடியில், பலகைத் தரை போட்ட ஹாலில் கூட்டம். முதலில் சாப்பாடு போட்டார்கள். இரண்டு கப் பாயசம், தலைக்கு மேல் ஏசி. ராமநாதன் சார் கல்லூரியின் பெருமையை ஆரம்பித்தபோது என் கண் சொக்கிவிட்டது.

தூக்கத்தில் நான் பழைய மன்றத்தின் கடைசி பெஞ்சில் இருந்தேன். யாரோ ‘இறுதியாக’ என்றார். பொறுத்தேன். வெகுநேரம் கழித்து மறுபடியும் “இறுதியாக” என்றார். நான் எழுந்திருக்கவில்லை, என் கால் எழுந்துவிட்டது.

டக். டக். டக்.

நான் கண்ணைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரின் காலும் சேர்ந்துகொண்டது. அப்புறம் முன்வரிசை. தொப்பையும் வழுக்கையுமாக ஒரு ஹால் நிறைய கணக்கர்கள், என்ஜினியர்கள், கடை முதலாளிகள், எல்லோரும் முகம் மலர்ந்து தட்டினார்கள். நாசர்கூடத் தட்டினான், பாவி. ஹோட்டல் மேனேஜர் மேலே ஓடி வந்தார். “சார், நிறுத்துங்க சார். கீழ சாம்பார்ல சுண்ணாம்பு விழுது.”

ராமநாதன் சாரும் பழைய மாணவர்தானே. தன்னையறியாமல் குனிந்து வணங்கி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் முகம் கறுத்தது.

“யாரு மொதல்ல?” என்றார்.

எல்லா விரலும் என்னைக் காட்டின. விதிப்படி மேடையேறினேன். “சாரின் உரையை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்” என்று தொடங்கினேன். (கன்னத்தில் நாற்காலிக் கம்பி அழுந்திய தடத்தோடு.)

“கடைசியா ஒரு வேலையப் பத்திச் சொல்லலாம்னு இருந்தேன் தம்பி,” என்றார் அவர் அமைதியாக. “பரவால்ல. நேரம் ஆயிடுச்சு.”

நாசர் எவ்வளவோ பேசிப் பார்த்தான். அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அன்று மாலை மல்லிகா “எப்பங்க?” என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் வந்து சேர இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

இப்போதும் சாப்பாட்டு மேஜையில் நான் எதையாவது நீட்டி முழக்கினால், கீழே முதலில் தட்டுவது மல்லிகாவின் கால்தான். அப்புறம் மகள். முதலில் தட்டியவர் நன்றியுரை சொல்ல வேண்டும் என்று விதியை நினைவூட்டுவேன்.

“ரெண்டு வருஷம் மதுரையில உக்காந்திருந்தேன்ல, அதான் நன்றியுரை” என்பாள்.

நான் எழுந்து, குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.